கத்திரியோடு வந்த விருந்தாளி

‘கண்டிப்பா வீட்டுக்கு வாங்க’ என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். கல்யாண மண்டப வாசலில், கோயிலில் செருப்பு மாட்டும்போது, பெட்ரோல் போடும் இடத்தில், நம் ஆட்கள் இதைச் சொல்லாமல் பிரிவதே இல்லை. ‘சரி, எந்தக் கிழமை வரட்டும்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முகம் போகிற போக்கு தனி. கேட்கக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது தெரியாத ஒரு மனிதர் அப்படியோர் அழைப்பை நம்பி விமானம் ஏறி வந்துவிட்டார்.

நான் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறேன். வீடு பண்டமாரானில். இருபத்து மூன்று வயதிலிருந்து சேமப்படையில் இருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை அவரவர் பிழைப்பு, சனி ஞாயிறு சீருடை. முழுநேரச் சிப்பாய்கள் எங்களை ‘வீக்கெண்ட் பட்டாளம்’ என்பார்கள். லெபனானுக்கு அமைதிப்படை அனுப்பியபோது ஓட்டுநர், மெக்கானிக், சமையல்காரர் என்று எங்கள் படைப்பிரிவிலிருந்தும் முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் தமிழர்கள் நான்கு பேர். நான் தண்ணீர் லோரி ஓட்டப் போனேன். எங்கள் நால்வரில் மூத்தவர் சார்ஜன். அவர் பதவி அதுதான், இன்றுவரை நாங்கள் அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

ஊரில் சார்ஜனுக்கு நான்கு முடிதிருத்தும் கடைகள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்று, கிள்ளானில் இரண்டு, சுபாங் ஜெயாவில் ஏசியும் சோபாவும் போட்டு ஒன்று. கத்திரி பிடித்தது அவருடைய அப்பா. இவர் பிடித்தது மைக். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. சோறு இல்லாத நேரத்தில்கூட அவர் பேசினால் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் முகாம் ஒரு குன்றின் மேல் இருந்தது. கீழே ஆலிவ் தோப்பு, அதற்கும் கீழே ஊர். அமைதிப்படை என்றால் என்னவோ ஏதோ என்று இங்கே நினைக்கிறார்கள். பெரும்பாலும் காத்திருப்பதுதான் வேலை. வெள்ளை வண்டியில் போய், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். சில நாள் தலைக்கு மேல் குண்டு போகும். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பதுங்குகுழிக்குள் உட்கார்ந்து, யார் வீட்டில் இன்றைக்கு என்ன சமையலாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருப்போம். நான் முகாமுக்கும் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் தண்ணீர் கொண்டுபோவேன். அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம்.

முகாம் வாசலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காப்பி போட ஒரு சின்ன அடுப்பு. அதுதான் அந்த மனிதரின் கடை. நாற்பது வயது இருக்கும், நெட்டையான ஆள். முகாமிலிருந்த எல்லாத் தலைகளும் அவர் கையில்தான். கன்னத்து முடியை நூலால் இழுத்து எடுப்பார். காது மடலில் உள்ள பூனைமுடியை, பஞ்சு சுற்றிய குச்சியில் தீ வைத்துத் தட்டித் தட்டிப் பொசுக்குவார். முதல் தடவை நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருக்கிறேன். எல்லோரும் அவரை ‘பிரதர்’ என்றே அழைத்தோம். மலாய்க்காரப் பையன்களிடம் மலாய் கற்றார், எங்கள் நால்வரிடம் தமிழ் கற்றார். ஆறே மாதத்தில், “அண்ணே, சைடு ஒட்ட வெட்டவா, கொஞ்சம் வெக்கவா?” என்று கிள்ளான்காரன் மாதிரி கேட்கத் தொடங்கிவிட்டார்.

குளிர்காலத்தில் ஒருநாள் என் லோரி சேற்றில் இறங்கிவிட்டது. மேலே குண்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பிரதர் தன் மைத்துனரின் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து, முழங்கால் சேற்றில் நின்று சங்கிலி மாட்டி இழுத்துவிட்டார். பிறகு வீட்டுக்கு வா என்றார். போனேன். போனபோது ரொட்டி மேசையில் சூடாக இருந்தது. அவர் மனைவி எனக்குக் கால் கழுவ வெந்நீர் வைத்திருந்தார், இரண்டு பெண்பிள்ளைகள் என் பூட்ஸைக் கழுவி அடுப்பின் பக்கத்தில் காயவைத்தார்கள். அந்த ஊரில் ‘வா’ என்றால் ரொட்டி ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் முப்பது பேரில் அந்த மேசையில் சாப்பிடாதவர் யாரும் இல்லை. சார்ஜன் வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிட்டார்.

நாங்கள் கிளம்பிய நாளில் சார்ஜன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை. “பிரதர், மலேசியா வந்தா என் வீடு உன் வீடு லா. எனக்கு நாலு கடை இருக்கு. உனக்குன்னு ஒரு நாற்காலி எப்பவும் இருக்கும், கண்டிப்பா வாங்க” என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லோரும் போன் நம்பர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். சார்ஜன் என்னமோ ஒப்பந்தம் போட்டது போல, பிரதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

சில வருடங்கள் போயின. அந்தப் பக்கத்தில் மறுபடியும் பெரிய சண்டை வந்தது. எங்கள் முப்பது பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, அதில் பிரதரையும் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் அவர் ஒரு படம் போட்டார். கல்லும் கம்பியுமாக ஒரு குவியல். கீழே மலாயிலும், ஆங்கில எழுத்தில் தமிழிலும் எழுதியிருந்தார். வீடு இல்லை, கடை இல்லை, நாங்கள் நால்வரும் உயிரோடு இருக்கிறோம், தலைநகரில் மனைவியின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறோம் என்று. அதற்குக் கீழே கும்பிடு கைகள், உடைந்த இதயங்கள், கொடிகள். சார்ஜன் ஒரு நீளமான குரல் செய்தி போட்டார். அதில் சகோதரத்துவம் என்ற சொல் எத்தனை தடவை வந்ததோ. நானும் ஒரு கும்பிடு கை போட்டுவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போனேன்.

அதன்பிறகு ஒரு காலையில் துறைமுக வாசலில் லோரி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

“அண்ணே, நான் வந்துட்டேன்.”

“எங்க வந்துட்டீங்க?”

“ஏர்போர்ட்டுல. சார்ஜனுக்கு ரொம்ப நேரமா அடிச்சேன், எடுக்கல. பிசி போல. அதான் உங்களுக்கு அடிச்சேன்.”

வேலை முடித்து, விமான நிலையம் இருக்கும் சிப்பாங் வரை காரை ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு பை, அதோடு கக்கத்தில் தோலில் சுருட்டிய கத்திரிக் கட்டு. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார், எல்லாம் பச்சையாக இருக்கிறது என்றார்.

என் மனைவி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். களைத்து வந்தவள், கூடத்தில் நெட்டையாக ஓர் அந்நியர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“எத்தன நாளைக்கு?”

“சார்ஜன் கடையில வேல குடுக்கறவரைக்கும்.”

“குடுப்பாரா?”

“குடுக்கறேன்னு சொன்னவருதானே.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டையை உடைத்து ஊற்றப் போனாள். பிரதர் கூடத்தில் படுத்தார். நாங்கள் எழுவதற்குள் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, கீழ்வீட்டுக் கிழவருக்கு முடி வெட்டிவிட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “இந்த ஆளுக்கு வேல வாங்கிக் குடுக்காம நீங்க அந்தக் குரூப்புல ஒரு குட்மார்னிங் கூடப் போடக்கூடாது.”

சாப்பாட்டு மேசையில் பிரதர் தன் கணக்கை எனக்கு விளக்கினார். சுற்றுலா அனுமதியில் வந்திருக்கிறார். அது முடிவதற்குள் ஒரு முதலாளி அவருக்காக வேலை அனுமதிக்கு மனுப் போட வேண்டும். வேலை கிடைத்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள வேண்டும். தலைநகரில் அவர்கள் இருக்கும் அறை தன் மகனுக்கு வேண்டும் என்று மைத்துனரின் மனைவி ஜாடையாகச் சொல்லத் தொடங்கிவிட்டாராம். “பெருசா ஒன்னும் வேணாண்ணே. ஒரு நாற்காலி போதும். அது சார்ஜன் குடுத்துருவாரு” என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் எனக்குத்தான்.

சார்ஜன் இரண்டு நாள் கழித்துப் பேசினார். குரலில் தேன் வடிந்தது. “நம்ம பிரதர் வந்துட்டாரா, ஏன் லா முன்னயே சொல்லல?” குழுவில் அவரே அறிவித்தார். உடனே கைதட்டல், பூங்கொத்து, நெருப்பு, இதயம். ‘வெல்கம் பிரதர்’, ‘எங்க வீட்டுக்கும் வாங்க பிரதர்’. ஒரு பயலும் என் வீட்டுப் படி ஏறவில்லை. பண்டமாரானுக்கும் கிள்ளானுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் எங்கள் வருடாந்தர ஒன்றுகூடல். அதில் பிரதர்தான் சிறப்பு விருந்தினர் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை சார்ஜன் பிரதரிடமே பேசினார், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “நாளைக்கு டூல்ஸ எடுத்துட்டு வாங்க பிரதர். உங்க கை இன்னும் அப்படியே இருக்கான்னு பாக்கணும்.”

போனை வைத்ததும் பிரதர் எழுந்து நின்றுவிட்டார். “அண்ணே, டெஸ்ட்டு” என்றார். வேலைக்கு எடுக்குமுன் எந்தக் கடை முதலாளியும் கையைப் பார்ப்பது வழக்கம்தானே, அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அன்று முழுவதும் அவர் வேறு எதையும் செய்யவில்லை. கத்திரிகளை வெந்நீரில் போட்டு எடுத்தார், எண்ணெய் விட்டார், என் மனைவியின் பழைய காட்டன் புடவையின் ஓரத்தை வெட்டி முனையைச் சோதித்தார். வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். எனக்கென்னவோ சார்ஜனின் குரல் சரியாகப் படவில்லை. ஆனால் சார்ஜன் உண்மையாகவே சோதிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாரோ என்னவோ என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மண்டப வாசலில் பெரிய பேனர். அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு சார்ஜன் பாதி, நாங்கள் எல்லோரும் சேர்ந்து மீதிப் பாதி. நாங்கள் உள்ளே போனபோதே பிரியாணி அண்டாவைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரிக் கூட்டம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று யாரோ எங்களைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். பிரதரைக் கண்டதும் ஆளாளுக்குத் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் படம் எப்படி வந்திருக்கிறது என்று போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஒருவன்கூட, வீடு என்ன ஆயிற்று, பிள்ளைகள் எங்கே என்று கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் சார்ஜன் மேடை ஏறினார். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. “இப்ப நாம எல்லாரும் லெபனானுக்குப் போகப் போறோம்” என்று மைக்கில் தமிழிலும் மலாயிலும் சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் சுற்றத் துணி இல்லை. யாரோ ஓடிப்போய்க் கறுப்புக் குப்பைப் பை ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் ஓட்டை போட்டு, சார்ஜன் தலையில் மாட்டினார்கள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரதர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கட்டைப் பிரித்து, சுத்தமான வெள்ளைத் துணியை எடுத்து, அந்தக் குப்பைப் பையின் மேல் ஒழுங்காகப் போட்டுக் கழுத்தில் முடிந்தார்.

பிறகு வேலையைத் தொடங்கினார். அவர் கையை நான் அறிவேன், அன்று அதைவிட நன்றாக வெட்டினார். ஆனால் யார் அதைப் பார்த்தார்கள்? முன்வரிசையில் இருந்தவன் ஒருவன், “பிரதர், நான் சொல்லிக் குடுத்த அந்த வார்த்தைய சொல்லுங்க” என்று கத்தினான். அந்த நாளில் அர்த்தம் தெரியாமல் அவர் சொல்லி நாங்கள் சிரித்த கெட்ட வார்த்தை. இப்போது அவருக்கு அர்த்தம் தெரியும். கத்திரியை நிறுத்தாமல், “அது நல்ல வார்த்த இல்லண்ணே, இங்க அக்காங்க இருக்காங்க” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சிரித்தவர்களில் அந்த அக்காக்களும் இருந்தார்கள். காதுக்குத் தீ வைத்தபோது விசில் பறந்தது, முப்பது நாற்பது போன்கள் உயர்ந்தன. கருகிய முடி நாற்றமும் பிரியாணி வாசனையும் கலந்து அடித்தது.  அந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

வெட்டி முடித்து, பிடரியைத் துடைத்து, தன் போனைப் பின்பக்கம் கண்ணாடி போலப் பிடித்துக் காட்டினார் பிரதர். “சரியா இருக்காண்ணே?”

சார்ஜன் பார்க்கவே இல்லை. மைக்கை வாங்கி, “பாத்தீங்களா? இதுதான் நம்ம பட்டாளம். நாடு தாண்டி, மொழி தாண்டி, மதம் தாண்டி” என்று ஆரம்பித்துவிட்டார். பிரதருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு கையில் கேடயமும் ஒரு கையில் கத்திரியுமாக அவர் மேடையிலேயே நின்றார். பாஸா பெயிலா என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் அண்டாவுக்குப் போய்விட்டார்கள்.

நான் சார்ஜனைக் கை கழுவும் இடத்தில் பிடித்தேன். “சார்ஜன், அவரு வேலைக்குன்னு வந்திருக்காரு.”

“தெரியும் லா.” பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டே பேசினார். “பெர்மிட்டு பெரிய தலவலிடா. நம்ம ஊரு ஆளுக்கே கெடைக்கல, நாலு கடையிலயும் நாற்காலி காலியா கெடக்கு. பாக்கலாம்.”

“நீங்கதானே வரச் சொன்னீங்க?”

“டேய், அது எல்லாரும் சொல்றதுதானே. வந்துருவான்னு யாரு கண்டா?” குழாயை மூடிவிட்டு ஈரக் கையால் என் தோளைத் தட்டினார். “சரி சரி, நாளைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு வரச் சொல்லு. பேசிக்கலாம்.”

சட்டையில் ஈரம் ஒட்டிக்கொண்டது. அவர் கையை அப்போதே தட்டிவிட்டிருக்க வேண்டும். எச்சிலைத் துப்பிவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குள் சார்ஜன் பிரதரிடமும் போய், நாளைக்குக் கடைக்கு வாங்க பிரதர் என்று சொல்லியிருந்தார். வண்டியில் பிரதர் மனைவிக்குப் போன் போட்டார். எனக்கு அரபு தெரியாது, ஆனால் ‘சார்ஜன்’ என்ற சொல்லும், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிப்பதும் அழுவதும் கேட்டது. பிள்ளைகள் போனைப் பிடுங்கி ஏதோ கத்தினார்கள். அது எல்லோரும் சொல்றதுதானே என்று சார்ஜன் சொன்னதை நான் எப்படிச் சொல்வது? வண்டியை ஓட்டினேன். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள், “த்தூ” என்றாள். பிறகு, “நாளைக்கு அவரத் தனியா அனுப்பாதீங்க, லீவு போடுங்க” என்றாள்.

மறுநாள் காலையில் போனோம். கடை அப்போதுதான் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகை, வானொலியில் பழைய பாட்டு, நான்கு நாற்காலிகள். மூன்றின் பின்னால் மூன்று இளைஞர்கள் புது ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள், மடிப்புக்கூடக் கலையவில்லை. நான்காவதின் பின்னால் நின்றவர் கொஞ்சம் மூத்தவர், தமிழ்நாட்டுப் பேச்சு.

“வாங்க சார், வாங்க. முதலாளி பதினோரு மணிக்கு மேலதான் வருவாரு. உக்காருங்க. கட்டிங்கா, ஷேவிங்கா?”

பிரதர் கக்கத்தில் கத்திரிக் கட்டோடு நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னை முந்திக்கொண்டு, “ஷேவிங்” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. கட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த மனிதர் நுரை போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். நல்ல மனிதர், முதலாளியைப் பெருமையாகவே பேசினார். “இந்தப் பசங்க மூணு பேரும் போன வாரம்தான் சார் வந்தாங்க. எங்க ஊருப் பக்கம்தான். முதலாளியே அலைஞ்சு பெர்மிட்டு எடுத்துக் குடுத்தாரு. இப்ப ஒரு நாற்காலியும் காலி இல்ல, தொழில் நல்லாப் போவுது.”

நுரைக்கு உள்ளே பிரதரின் முகம் தெரியவில்லை. கண் மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. அது கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தகரக் கூரைக் கடை வாசலில் நீலத் தொப்பியோடு சார்ஜன், அவர் தோளை அணைத்தபடி கையில் கத்திரியோடு பிரதர். ‘உலகத் தரம்’ என்று கீழே பொன் எழுத்தில் எழுதியிருந்தது.

சவரம் செய்தவரும் அப்போதுதான் படத்தைப் பார்த்தார், திரும்பி முகத்தைப் பார்த்தார். கத்தி நின்றது. “சார், நீங்க... தொழில்காரரா?”

“ஆமா.”

 சவரம் செய்தவர் இரண்டாம் முறை சோப்புப் போட்டு, மெதுவாகச் செய்து, படிகாரக் கல்லைத் தடவி, முதுகுவரை பிடித்துவிட்டார். பிரதர் எழுந்து சட்டைப்பையில் கை வைத்தபோது அவர் இரண்டடி பின்வாங்கினார். “வேணாம் சார். தொழில்காரர்கிட்ட நாங்க வாங்கறதில்ல. எங்க ஊரு வழக்கம்.”

சார்ஜன் அப்போதுதான் உள்ளே வந்தார். முந்தின நாள் பிரதர் வெட்டிய முடி அவர் தலையில் கச்சிதமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பிரதர், வந்துட்டீங்களா! நம்ம கடை எப்படி?” அந்த மூன்று இளைஞர்களின் பக்கம் அவர் கண் போகவே இல்லை. “அந்த விசயம் பேசிட்டுத்தான் இருக்கேன் பிரதர். கொஞ்சம் டைம் எடுக்கும் லா.”

“பரவால்ல. நான் வியாழக்கிழம போறேன்.”

எனக்கே அது புதுச் செய்தி. டிக்கெட் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு, நுரைக்குள்ளே அவர் அதை முடிவு செய்திருக்கிறார்.

“அவ்வளவு சீக்கிரமாவா?” என்றார் சார்ஜன். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலச்சிக்கல் தீர்ந்தவன் முகத்தில் வருமே, அந்த நிம்மதி வந்தது. அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை. “சரி சரி. இருக்கறதுக்குள்ள ஒருநாள் வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்.”

 பிரதர் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து சார்ஜனிடம் நீட்டினார். ஏழெட்டு வருடமாக அண்ணே என்று அழைத்தவர், “ஷேவிங் பண்ணேன், பாஸ்” என்றார்.

“சேச்சே, என்ன பிரதர் இது, நம்ம ஆளுகிட்டயா?” என்று சார்ஜன் சிரித்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.  சார்ஜன் இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி, கல்லாவைத் திறந்து உள்ளே போட்டார். ஷேவிங்குக்கு உண்டானதைக் கழித்து மீதியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.